ஒழுகாத ஓட்டை

முன்னொரு காலத்தில் குளியல் பைத்தியம் பிடித்த ராஜா ஒருவர் இருந்தார். மலைமேல் உள்ள ஏரியிலிருந்து செப்புக் குழாய் வழியாகப் பாய்ந்து வரும் தண்ணீர், அவருடைய நந்தவனத் தொட்டியில் விழும். ராஜ்ய விசாரணையெல்லாம் அந்தத் தொட்டியில் உட்கார்ந்தபடிதான்!

விகடகவி வெண்காடன் வாயைத் திறந்தால் ராஜா விழுந்து விழுந்து சிரிப்பார். அமைச்சர் தாண்டவராயருக்கோ வயிறு எரியும். ஒருநாள் அவர் யாருக்கும் தெரியாமல், குழாயின் வாய்க்குச் சற்று முன்னால் ஆணியால் ஓர் ஓட்டை போட்டுவிட்டார். பீய்ச்சியடித்த தண்ணீரில், தொட்டியருகே கழற்றி வைத்திருந்த ராஜாவின் புதுப் பட்டுச் சால்வை தொப்பலாக நனைந்தது.

"அரசே, நம் விகடகவியால் ஆகாததும் உண்டா?" என்றார் தாண்டவராயர். "ஓட்டையை அடைக்கக் கூடாது. தண்ணீரை நிறுத்தவும் கூடாது. ஆனால் ஓட்டை வழியே ஒரு சொட்டுகூட வரக் கூடாது. செய்து காட்டட்டும்!"

ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஆகா! வெண்காடா, பொழுது சாய்வதற்குள் செய்! தவறினால் குடும்பத்தோடு நாட்டை விட்டே போய்விடு!"

வெண்காடன் குழாயருகே ஓடினான். வீட்டில் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. அவளை அழைத்துக்கொண்டு எங்கே போவான் பாவம்? குழாயையே சுற்றிச் சுற்றி வந்தான். அகலமான வாய்க்காலில் சோம்பி வரும் தண்ணீர், குறுகலான மடையில் ஓட்டம் பிடிக்குமே! அது நினைவுக்கு வந்ததும் துள்ளிக் குதித்தான்.

ஒரு மரச்சுத்தியை வாங்கி, ஓட்டையின் இருபுறமும் டண் டண்ணென்று தட்டினான். அங்கே மட்டும் குழாய் உடுக்கையின் நடுப்பகுதி போல ஒடுங்கி, அப்புறம் மெல்ல விரிந்தது. பீய்ச்சல் குறைந்தது; சொட்டாயிற்று; அதுவும் நின்றே போயிற்று! தொட்டியில் மட்டும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"மோசடி! மெழுகு வைத்து அடைத்திருக்கிறான்!" என்று கத்தியபடி தாண்டவராயர் ஓட்டையருகே குனிந்தார். சர்ரென்று அவருடைய மீசை முனை உள்ளே போய்விட்டது!

"ஐயோ, இழுக்கிறதே!"

"அடைத்த ஓட்டை மீசையை விழுங்குமா, அரசே?" என்றான் வெண்காடன்.

"இதென்ன மாயம்?" என்று ராஜா எழுந்தே நின்றுவிட்டார்.

"மாயமில்லை அரசே. அகலமான இடத்தில் தண்ணீர் ஆற அமர நகர்கிறது. அதனால் குழாயின் சுவரை நெருக்குகிறது; ஓட்டை கிடைத்தால் வெளியே பாய்கிறது. ஒடுங்கிய இடத்தில் அதே தண்ணீர் தலைதெறிக்க ஓடியாக வேண்டும். வேகம் கூடக் கூட அழுத்தம் குறைகிறது. கடைசியில் வெளிக்காற்றே உள்ளே புகுந்துவிடுகிறது. ஓடுகிறவனுக்குப் பக்கத்தில் இருப்பவனை இடிக்க நேரமேது? அதெல்லாம் வேலையில்லாமல் நிற்பவர்கள் செய்வது!"

ராஜா தாண்டவராயரை ஒரு பார்வை பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டார்.

"தாண்டவராயரே, நாட்டிலுள்ள மடைகளையெல்லாம் ஓடி ஓடிப் பார்த்து வாரும். முதலில் அந்த மீசையை வெளியே எடும்!"