கை ஊன்றாமல்

"என் எலும்பு பழையபடி ஆக எத்தனை நாள் ஆகும்?"

பிலோமினா வந்ததும் கேட்டது இதைத்தான்.

அவளுக்கு வயது அறுபத்திரண்டு. தூத்துக்குடி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எட்டு மாதத்துக்கு முன் குளியலறையில் லேசாக வழுக்கியதற்கே இடது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு மெலிந்துவிட்டது என்றது ஸ்கேன். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, உடற்பயிற்சிக்குக் கோமதியிடம் அனுப்பினார்.

கோமதிக்கு முப்பத்து மூன்று வயது. பிசியோதெரபிஸ்ட். அதிகம் பேசமாட்டாள்.

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்கம்மா."

உட்கார்ந்தாள்.

"கை ஊன்றாம எந்திரிங்க."

மூன்று முறை முயன்றாள். தொடை நடுங்கியது. முடியவில்லை.

"நான் எலும்பைப் பத்திக் கேட்டேன்."

"நான் எந்திரிக்கச் சொன்னேன்."

பிலோமினாவுக்குக் கோபம் வந்தது. கூடவே, இவள் என்னதான் செய்யப்போகிறாள் என்று பார்க்கும் ஆசையும் வந்தது. மறுநாளும் வந்தாள்.

கோவையிலிருந்து மகள் தினமும் போன் செய்தாள். "தனியா கெடந்து விழுந்து வைக்காதீங்கம்மா. வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துருங்க."

பிலோமினாவுக்கு அந்த வீட்டை விட மனமில்லை. ஆனால் சுவரைப் பிடிக்காமல் அடுப்படிக்குப் போகவும் தைரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போயே மாதக்கணக்காகிவிட்டது.

பத்தாவது நாள் கை ஊன்றாமல் ஒரே ஒரு தரம் எழுந்தாள்.

கோமதி அவள் கையில் அரைக்கிலோ எடையைக் கொடுத்தாள்.

"உடையுற பொருளைப் பத்திரமாத்தானே வைக்கணும்? நீ என்ன, வேலை வாங்குற?" என்றாள் பிலோமினா.

"முறிஞ்ச கையை எப்படி வச்சிருக்கீங்க?"

"பத்திரமாத்தான். ஒரு டம்ளர்கூட அந்தக் கையால தூக்குறதில்ல."

"ரெண்டு கையையும் நீட்டுங்க."

நீட்டினாள். வலது கை கைபோல இருந்தது. பத்திரமாக வைத்த கை குச்சிபோல இருந்தது.

பிலோமினா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அதன்பின் ரப்பர் பட்டை. மேசையைத் தொட்டபடி ஒற்றைக்காலில் நிற்பது. முதுகை வளைக்காமல், முட்டியை மட்டும் மடக்கிக் குத்தவைப்பது. ஒவ்வொன்றுக்கும் பிலோமினாவிடம் ஒரு கேள்வி இருந்தது. கோமதியிடம் இன்னொரு பயிற்சி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிலோமினா கோயிலுக்கு நடந்தே போனாள். மகளிடம், "லீவுக்கு நீ இங்க வா" என்றாள்.

ஒரு வருடம் ஆனது. மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். அந்தக் காகிதத்தோடு விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

"பாரு. ஒரு வருஷம் பாடுபட்டேன். எலும்போட அடர்த்தி ஒரு துளி ஏறல."

கோமதி வாசித்தாள். "இறங்கவும் இல்லையேம்மா."

"அதுக்கா இவ்வளவும்?"

கோமதி காகிதத்தை மடித்துக் கொடுத்தாள். வாசல் பக்கம் பார்த்தாள்.

புதிதாக ஒரு பெண் சுவரைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தாள். அவள் பை நழுவியது. மாத்திரை அட்டைகளும் சாவிக்கொத்தும் தரையில் சிதறின. குனியப் பயந்து அப்படியே நின்றாள்.

"நீங்க நில்லுங்க, நான் எடுக்கேன்," என்று பிலோமினா போனாள். குத்தவைத்தாள். "ஒரு வருஷம்னா சும்மாவா?" என்று கோமதியிடம் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பெஞ்சுக்கு அடியில் போன அட்டையையும் எட்டி எடுத்தாள். எழுந்தாள்.

புதியவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு என்னம்மா கோளாறு?"

"எலும்பு மெலிஞ்சு போச்சு. உங்களுக்கு?"

"எனக்கும் அதான்." புதியவள் தரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "இப்ப எதைப் பிடிச்சு எந்திரிச்சீங்க?"

பிலோமினா சொல்ல வாயெடுத்தாள்.

இரண்டு கையிலும் மாத்திரை அட்டைகள்.