சாக்கடைக்கு நரைத்த முடி

கொம்பன்குளம் பண்ணையார் யார் முன்னாலும் தலைப்பாகையை அவிழ்க்கவே மாட்டார். "இந்த வயசிலும் எனக்கு ஒரு முடி உதிர்ந்ததில்லை" என்று ஊரெல்லாம் பெருமையடிப்பார். ஆனால் சனிக்கிழமை அவர் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் போதும், குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொள்ளும். அங்கே அவரைத் தவிர யாரும் குளிப்பதில்லை.

"பெருக்க வர்ற உன் முடிதான் அடைக்குது. இனிமே அடைச்சா உனக்கு இங்க வேலை கிடையாது" என்று வேலைக்காரி மாடத்தியிடம் கத்தினார்.

மாடத்தி போய், ஓட்டை போட்ட தேங்காய்ச் சிரட்டை ஒன்றைச் சாக்கடை வாயில் பொருத்தினாள்.

அடுத்த சனிக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். குளித்துவிட்டு வந்த பண்ணையார் அவர்கள் முன்னாலேயே அதட்டினார்: "என்னடி, இன்னைக்கும் அடைச்சிருச்சா?"

மாடத்தி சிரட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கொத்து நரைமுடி.

"அடைக்கலைய்யா, இது தடுத்திருச்சு. என் தலை கருப்பு. உங்களுக்கோ உதிராது. பாவம், சாக்கடைக்குத்தான் வயசாகி நரைச்சுப் போச்சு போல. வாய் இருந்தும் வாயில்லாப் பூச்சி, யார்கிட்ட சொல்லும்?"

சம்பந்தி அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பண்ணையார் கை தானாகத் தலைப்பாகைக்குப் போனது.

அதன் பிறகு அந்தச் சாக்கடை அடைத்ததே இல்லை. குளித்த கையோடு, யார் கண்ணிலும் படுவதற்குள், சிரட்டையைப் பண்ணையாரே கொட்டிவிடுகிறார்.