உடைத்தவருக்கே சொந்தம்

கோவில்பட்டி பஜாரில் அருஞ்சுனை முதலாளியின் பீங்கான் கடைக்குள் நுழைந்தால் கண்ணில் படுவது அந்தக் கண்ணாடிப் போர்டுதான்: "உடைத்தவர் விலை கொடுத்து எடுத்துக்கொள்ளவும்." ஒரு கப்பின் காது போனாலும் வேலையாள் சம்பளத்தில் கைவைத்துவிடுவார் மனுஷன். அப்படி வந்த காதில்லாத கப்பில்தான் கடையில் வேலை பார்க்கும் சந்தனமாரியின் வீட்டில் டீ குடிக்கிறார்கள்.

ஒருநாள் போனில் யாரையோ வைதுகொண்டே, உள்ளே பேனா கிடப்பதைப் பார்க்காமல் லேப்டாப்பைப் படாரென்று மூடினார் முதலாளி. திறந்தால் திரை முழுக்க விரிசல். பழி, மேஜை துடைத்த சந்தனமாரி தலையில் விழுந்தது.

"புது லேப்டாப் உன் சம்பளத்துலதான். மாசாமாசம் பிடிப்பேன்."

அடுத்த நிமிஷமே மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "திரை மட்டும்தான் போச்சா? அப்ப ரிப்பேர் பண்ணி மருமகனுக்குக் குடுத்துருவோம். நல்ல விலை வந்தா வித்துருவோம்."

சந்தனமாரி லேப்டாப்பை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள்.

"ஏய், எங்க கொண்டு போற?"

"வீட்டுக்கு, மொதலாளி. உடைச்சவங்கதான எடுத்துக்கணும்? ரிப்பேர் பண்ணணுமா விக்கணுமான்னு நான் பாத்துக்கிடுதேன்."

"அது என் பொருள்!"

"அப்ப உடைச்சது யாரு மொதலாளி?"

கடையில் நின்ற கூட்டம் போர்டைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. லேப்டாப்பை விட்டுக்கொடுக்க மனசில்லாமல், "நான்தான்" என்று முனகினார்.

சம்பளம் தப்பியது. மறுநாள் புதுக் கண்ணாடிப் போர்டு வந்தது: "வேலையாட்கள் உடைத்தால் விலை மட்டும் கொடுக்கவும். பொருள் கடைக்கே."

அதை மாட்டச் சொல்லி சந்தனமாரியிடம் நீட்டினார் முதலாளி.

"பாத்து மாட்டு. உடைஞ்சா சம்பளத்துல பிடிப்பேன்."