ஈரத்தில் போட்ட ஒட்டு

ஒரு காட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஆறு ஒன்று ஓடியது. அதைக் கடக்க விலங்குகளிடம் ஒரு காற்றுப் படகு இருந்தது. எப்போதோ வந்த வெள்ளம் கரையில் விட்டுப்போன ரப்பர் படகு அது. அதனோடு ஒரு துடுப்பும், ஒரு மிதிபம்பும், ஒட்டுத்துண்டும் பசையும் உப்புத்தாளும் கொண்ட டப்பாவும் கிடைத்திருந்தன.

படகைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கீரி கேட்டு வாங்கிக்கொண்டது. கீரி சுறுசுறுப்பானதுதான். ஆனால் எதிலும் அவசரம். படகைக் கரையேற்றினால் மணலைக் கழுவி, நிழலில் உலர்த்தி, நன்றாகக் காய்ந்த பிறகே மடிக்க வேண்டும். கீரியோ ஈரத்தோடு சுருட்டி இலந்தைப் புதருக்குள் தள்ளிவிட்டுப் போய்விடும்.

ஒரு நாள் காலை ஆறு திடீரென்று பெருகியது. ஆற்றின் நடுவே இருந்த மணல்திட்டில் ஒரு முயலும் அதன் இரண்டு குட்டிகளும், ஒரு முள்ளம்பன்றியும், கால் அடிபட்ட ஒரு குள்ளநரியும் சிக்கிக்கொண்டன.

கீரி படகை இழுத்துக் காற்றடித்தது. பக்கவாட்டில் இலந்தை முள் குத்திய ஓட்டை ஒன்று தெரிந்தது.

"இதை யாரும் பார்த்துவிடக் கூடாது" என்று கீரி நினைத்தது. ஈரத்தைத் துடைக்காமலே பசையை அப்பி, ஒட்டுத்துண்டை அழுத்திவிட்டுத் துடுப்பை எடுத்தது.

மணல்திட்டில் பாதிக்குமேல் தண்ணீர் ஏறியிருந்தது.

"குள்ளநரியோடு ஒரே படகில் என் குட்டிகளை ஏற்ற மாட்டேன்" என்றது முயல்.

"நீங்கள் முதலில் போங்கள். நான் அடுத்த நடையில் வருகிறேன்" என்றது குள்ளநரி.

முள்ளம்பன்றி தன் முட்களை உடம்போடு ஒட்டப் படிய வைத்து, வெள்ளத்தில் வந்து ஒதுங்கிய தேக்கிலைகளைச் சுற்றிக் கொடியால் கட்டிக்கொண்டு ஏறியது.

நடு ஆற்றில் ஒரு சத்தம் கேட்டது. ஸ்ஸ்ஸ்...

"கீரியண்ணா, அது என்ன சத்தம்?" என்று முயல் கேட்டது.

ஒட்டு பெயர்ந்துவிட்டது என்று கீரிக்குத் தெரிந்தது. ஆனால் வாயில் வேறு சொல் வந்தது.

"பாம்பாக இருக்கும். தண்ணீரில் எங்கோ சீறுகிறது."

"தண்ணீரில் இல்லை, படகுக்குள்தான் கேட்கிறது. பாம்பென்றால் உங்களுக்குப் பயமில்லையே, பிடியுங்கள்!" என்றது முயல்.

இல்லாத பாம்பை எங்கே பிடிப்பது? கீரி குனிந்து தேடுவதுபோல் பாவனை செய்தது. குட்டிகள் அலறி ஒரு பக்கமாய் ஒதுங்கின. படகு சாய்ந்தது. பயத்தில் முள்ளம்பன்றியின் முட்கள் மெல்லச் சிலிர்த்தன. கட்டியிருந்த கொடி அறுந்தது. தேக்கிலையைக் கிழித்துக்கொண்டு ஒரு முள் வெளியே நீண்டது.

இன்னும் ஒரு விரற்கடை நீண்டால் படகு கிழிந்துவிடும்.

"பாம்பு இல்லை" என்றது கீரி. "படகில் ஓட்டை. எனக்கு முன்பே தெரியும். ஈரத்தின் மேல் ஒட்டி மறைத்துவிட்டேன்."

முள்ளம்பன்றி மூச்சை இழுத்துவிட்டது. முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன.

"ஓட்டை எங்கே?" என்று மட்டும் முயல் கேட்டது.

கீரி காட்டியது. முயல் அதன்மேல் தன் முன்னங்காலை வைத்து அழுத்திக்கொண்டது. முள்ளம்பன்றி படகிலேயே கிடந்த பம்பை மிதித்தது. கீரி துடுப்பை விடாமல் போட்டது. தொய்ந்துபோன படகு ஒருவழியாகக் கரையைத் தொட்டது.

மணல்திட்டில் குள்ளநரியின் வயிறுவரை தண்ணீர் வந்துவிட்டது.

உடனே கிளம்பத் துடித்தது கீரி. துடுப்பில் வைத்த கையைத் தானே இழுத்துக்கொண்டது. பழைய பசையைச் சுரண்டியது. காய்ந்த புல்லால் ஈரத்தைத் துடைத்தது. உப்புத்தாளால் ரப்பரைச் சொரசொரப்பாகத் தேய்த்துப் பசையைப் பூசியது.

"போகலாமா?" என்று முள்ளம்பன்றி கேட்டது.

"பசை கொஞ்சம் உலர வேண்டும். ஒட்டிய பிறகும் பிடிக்க விட வேண்டும். இப்போது கிளம்பினால் குள்ளநரியாரும் மூழ்குவார், நானும் மூழ்குவேன்."

அந்தக் காத்திருப்பைப்போல் கொடுமையைக் கீரி அறிந்ததில்லை. முயல் ஒரு பெரிய தேக்கிலையை எடுத்து வந்து பசைக்கு விசிறியது. பிறகு கீரி துண்டை ஒட்டி, அதன்மேல் கல்லை ஏற்றி வைத்தது.

ஒட்டு நன்றாகப் பிடித்ததும் கீரி கல்லை எடுத்துவிட்டு, படகில் காற்றை நிரப்பித் துடுப்போடு பாய்ந்தது. குள்ளநரியின் தலை மட்டுமே அப்போது வெளியே தெரிந்தது. கீரி அதன் பிடரியைப் பற்றிப் படகுக்குள் இழுத்துப் போட்டது.

திரும்பும் வழியெல்லாம் கீரி காதைத் தீட்டிக்கொண்டே வந்தது. ஆற்றின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

நீதி: குறையை மறைத்தால் அது வளரும், சொன்னால் அதை அடைக்கப் பல கைகள் வரும்.