மூன்றாவது வாய்

ஒயினுக்குச் சாப்பாடு பொருத்தம் பார்க்கப் புதுச்சேரியில் கற்றுத்தருகிற கொலேத் டீச்சருக்கு நாற்பது வயது. அவரிடம் படிக்க வந்த சிங்கராயருக்கு ஐம்பத்தாறு. கடற்கரைப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் முப்பது வருஷமாக அடுப்படியை ஆண்டுவருகிற மனிதர். தன்னைவிடச் சின்னவரிடம் படிப்பதில் அவருக்கு ஒரு வெட்கமும் இல்லை. துப்பச் சொன்னதுதான் பெரிய சங்கடமாக இருந்தது.

"வாயில போட்டதைத் துப்பினா எங்க வீட்டுல அடி விழும் டீச்சர்."

"இங்க துப்பலைன்னா நாலாவது கிளாஸுக்கே நாக்கு மரத்துப்போயிடும்ணே."

மேஜையில் ஒரு கண்ணாடி ஜாடி நிறையத் தண்ணீர் இருக்கும். பக்கத்தில் ஒரு பித்தளைச் சொம்பு. ஒவ்வொரு ஒயினுக்குப் பிறகும் ஜாடித் தண்ணீரை எடுத்து வாயைக் கொப்பளித்துச் சொம்பில் துப்ப வேண்டும்.

டீச்சர் சொன்ன விதி ஒன்றே ஒன்றுதான். முதல் வாய் ஒயின். இரண்டாவது வாய் சாப்பாடு. மூன்றாவது வாய் மறுபடி அதே ஒயின்.

"முதல் ரெண்டு வாயை நம்பாதீங்க. மூணாவதுதான் சாட்சி."

முதல் நாள் கொடுத்த சிவப்பு ஒயின் வாழைக்காய்த் தோலை மென்றது போல நாக்கைக் கட்டிப்போட்டது. சிங்கராயர் முகத்தைச் சுளித்தார். டீச்சர் கொழுப்போடு வதக்கிய ஆட்டுக்கறியில் ஒரு துண்டை நீட்டினார். தின்றுவிட்டு மறுபடி குடித்தார். துவர்ப்பு போன இடம் தெரியவில்லை. ஒயின் பட்டுப்போல இறங்கியது.

அவர் கிளாஸைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார்.

"மாத்திட்டீங்களா?"

"அதே கிளாஸ்தாண்ணே."

"அப்போ ஒயினுக்கு என்ன ஆச்சு?"

"ஒயினுக்கு ஒண்ணும் ஆகலை."

அன்று அவர் வீட்டுக்கு நடந்தே போனார். ஏற வேண்டிய பஸ் பக்கத்தில் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

அவர் படிக்க வந்ததற்குக் காரணம் இருந்தது. ஹோட்டல் முதலாளி ஒரு ஒயின் விருந்து வைக்கிறார். எட்டுப் பதார்த்தம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பானம் என்று பட்டியலில் எட்டு வரி. "டீச்சர் கையெழுத்துப் போட்ட வரி விருந்துக்குப் போகும். போடாததை அடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

ஒன்பது வாரத்தில் ஏழு வரி நிறைந்தது. எட்டாவது வரி காலியாகக் கிடந்தது. அது சிங்கராயரின் சங்கரா மீன் குழம்பு. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். அடுப்பிலிருந்து இறக்கியதும் பச்சை நெல்லிக்காயைத் தட்டி அதில் போட்டுக் கலக்கிவிடுவது அவருடைய கைப்பழக்கம்.

முதலாளிக்கு அந்தக் குழம்பின் மேல் ஒரு குறை உண்டு. சாப்பிட்டவர்கள் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். காரம் கூடிப்போகிறது என்று சிங்கராயருக்கும் உள்ளூர ஒரு கூச்சம் இருந்தது. பரிமாறுகிறவர்களிடம், மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்வார்.

பதினோரு ஒயின் பார்த்தாகிவிட்டது. சிவப்பெல்லாம் அந்தக் குழம்புக்கு முன்னால் கசந்தது. வெள்ளையெல்லாம் ஆறிப்போன பானகம் போல அசட்டுத் தித்திப்பாகிவிட்டது.

விருந்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில் சிங்கராயர் தூக்குச்சட்டியோடு வந்தார். அவரே ஒரு வெள்ளை ஒயினைத் தேர்ந்தெடுத்து ஊற்றினார். டீச்சர் மூன்று வாயும் பார்த்தார்.

"நல்லாப் பொருந்துதுண்ணே."

சிங்கராயர் பட்டியலையும் பேனாவையும் நீட்டினார். டீச்சர் வாங்கவில்லை.

"நெல்லிக்காய் எங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எடுத்துட்டேன். மிளகாயையும் பாதியாக்கிட்டேன்."

"நான் உங்க ஹோட்டல்ல சாப்பிட்டிருக்கேன். சாப்பிட்டுட்டு, வச்சது யாருன்னு கேட்டேன். இதைச் சாப்பிட்டா யாராவது கேப்பாங்களா?"

சிங்கராயருக்குக் கண் கலங்கிவிட்டது. "எப்படியாவது அது விருந்துல இருந்தாப் போதும்னு நினைச்சிட்டேன் டீச்சர்."

"இது இருக்கும். அது இருக்காது. போய் அதை வச்சு எடுத்துட்டு வாங்க."

மதியம் மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். டீச்சர் உள்ளே போய் ஒரு கிளாஸைக் கொண்டுவந்து வைத்தார். நிறமில்லை. முகர்ந்தால் வாசனையும் இல்லை. சிங்கராயர் ஒரு வாய் குடித்தார்.

"இது தண்ணியாச்சே."

"முதல் வாய் ஆச்சு. அடுத்தது."

குழம்பைச் சோற்றில் பிசைந்து ஒரு கவளம் போட்டுக்கொண்டார். காரம் காதுவரை ஏறியது. புளிப்பு பல்லைக் கூசவைத்தது. முப்பது வருஷமாக அவர் இதை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டு அடுத்த சட்டிக்குப் போயிருக்கிறார். உட்கார்ந்து தின்று, அதன் மேல் ஒரு வாய் தண்ணீர் குடித்ததே கிடையாது.

மூன்றாவது வாய்.

பழக்கத்தில் கை சொம்புக்குப் போனது. பாதி வழியில் நின்றது. அவர் விழுங்கினார்.

காரம் அடங்கிய இடத்திலெல்லாம் இனிப்பு ஊறியது. நாக்கின் ஓரத்தில் தொடங்கித் தொண்டைக்குள் குளிர்ந்து இறங்கி, இறங்கிய பிறகும் நின்றது. இன்னொரு வாய் குடித்தார். அப்போதும் இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியவில்லை, கோயிலில் தனியாக நிற்கும்போது வருகிற பயம் மாதிரி இருந்தது.

தண்ணீர் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறாரே.

டீச்சர் பட்டியலை இழுத்து எட்டாவது வரியில் தண்ணீர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"உங்க ஹோட்டல்ல சாப்பிட்ட அன்னைக்கு நானும் நாலு டம்ளர் தண்ணி குடிச்சேன்" என்றார்.

சிங்கராயர் கிளாஸில் மிச்சமிருந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு அவருக்குள் இருந்த சமையல்காரர் விழித்துக்கொண்டார். நாளைக்கு அறுபது பேர் வருகிறார்கள்.

"இது எந்த ஊர்த் தண்ணி டீச்சர்? எவ்வளவு தூரமானாலும் நானே போய்ப் பிடிச்சிட்டு வந்துடுறேன்."

"நெல்லிக்காய் போட்டது நீங்கதானேண்ணே."

"நெல்லிக்காய்க்குத் தண்ணி இனிக்கும்னு எனக்குத் தெரியாதா? அதுக்காக இப்படியா இனிக்கும்? இது வேற தண்ணி. எந்த ஊருன்னு சொல்லுங்க."

டீச்சர் மேஜையில் இருந்த கண்ணாடி ஜாடியை அவர் பக்கமாக நகர்த்தினார்.

"பத்து வாரமா நீங்க கொப்பளிச்சுத் துப்பினீங்களே, அந்தத் தண்ணிதாண்ணே."