நாற்பத்தைந்து சுற்று

"இனி எழுதலாமா, விட்டுடலாமா? அதை மட்டும் சொல்லுங்கம்மா" என்று கேட்டார் பூவராகன்.

கோமகள் இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பூவராகனுக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடமாக ஒரு மாத இதழில் இசைத்தட்டு விமர்சனம் எழுதுகிறவர். கோமகள் அவரைவிட இருபது வயது இளையவர். சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு ஏற்காட்டில் வந்து தங்கிவிட்டவர். பாடுகிறவர்களும் எழுதுகிறவர்களும் மலையேறி வந்து அவரிடம் யோசனை கேட்கப் பழகினார்கள். குரு என்று யாராவது சொன்னால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

பூவராகனுக்கு ஒரு விரதம் உண்டு. விமர்சனம் எழுதி முடிக்கும்வரை உறையில் ஒரு எழுத்தைக்கூடப் படிக்க மாட்டார். படித்துவிட்டுக் கேட்டால், படித்ததுதான் காதில் விழும் என்பார். நல்ல விரதம்தான். அதுவே அவர் காலை வாரியது.

கோமகள் துடைத்துக்கொண்டிருந்தது போன மாதம் வந்த தட்டு. ருமேனியாவின் ரோமா என்னும் நாடோடி இனத்து வயலின்காரர் ஒருவரும் நார்வேயின் ஜாஸ் பியானோக்காரி ஒருவரும் சேர்ந்து வாசித்தது. மற்ற விமர்சகர்கள் நாட்டுப்புறம் அரைப் பங்கு, ஜாஸ் கால் பங்கு என்று சாம்பார்ப் பொடிக்கு அளப்பதுபோல் அளந்து, கலவை பிரமாதம் என்று முடித்துக்கொண்டார்கள்.

பூவராகன் மட்டும் மூன்றாவது உருப்படியைப் பற்றியே ஒரு பக்கம் எழுதினார். இவ்வளவு கனமான துக்கத்தைக் கேட்டதில்லை, பாதியில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன் என்று எழுதினார்.

இதழ் வெளிவந்த வாரமே ஒரு வாசகர் கடிதம் போட்டார். ஐயா, அந்தத் தட்டு நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று ஓடவேண்டியது. உறையிலேயே போட்டிருக்கிறது. நீங்கள் வழக்கமான முப்பத்து மூன்றில் மெதுவாக ஓடவிட்டிருக்கிறீர்கள். அது துக்கம் இல்லை, கல்யாண ஆட்டம்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று இதழாசிரியர் ஆறுதல் சொன்னார். பூவராகனுக்கு ஆறவில்லை. மானம் கப்பலேறிவிட்டது. விலகல் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் மலையேறினார்.

கோமகள் தட்டை வைத்து, நாற்பத்தைந்துக்குத் திருப்பி, மூன்றாவது உருப்படியில் ஊசியை இறக்கினார்.

வயலின் துள்ளிக்கொண்டு வந்தது. பியானோ அதைத் துரத்திக்கொண்டு ஓடியது. அபாரமான வாசிப்பு. பூவராகனின் கால் தானாகத் தாளம் போட்டது. அதைப் பார்க்க அவருக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

முடிந்ததும் கோமகள் உறையை நீட்டிப் படிக்கச் சொன்னார். மணமகள் பிறந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது வாசிக்கும் ஆட்டம் என்று போட்டிருந்தது.

"பாருங்க, கல்யாண வீட்டுல போய் ஒப்பாரி கேட்டேன்னு எழுதியிருக்கேன்" என்றார் பூவராகன்.

"உங்க பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா சார்?"

"ஆச்சு. இந்தத் தை மாசம்தான்."

"தாலி கட்டுறப்ப என்ன வாசிச்சாங்க?"

இதென்ன கேள்வி என்று நினைத்தார். "கெட்டிமேளம்தான்."

"தாலி ஏறினதும் நீங்க என்ன பண்ணீங்க?"

வெளியே யாரோ ஆரஞ்சுக் கூடையை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"முகம் கழுவப் போனேன்" என்றார் பூவராகன் கடைசியில்.

கோமகள் ஊசியைத் திரும்பவும் அதே இடத்தில் இறக்கினார்.

அதே துள்ளல், அதே ஓட்டம். ஆனால் ஒவ்வொரு தாள வட்டம் முடிகிறபோதும் வயலின் ஒரு சுரத்தை லேசாகக் கீழே இழுத்துவிட்டு ஓடியது. கண்ணிமைக்கும் நேரம்தான். மெதுவாக ஓடியபோது அவரை எழுந்துபோக வைத்தது அந்த இடம்தான்.

பூவராகன் விலகல் கடிதத்தை எடுத்தார். அதன் பின்பக்கத்தில், அடுத்த இதழுக்கான திருத்தத்தை எழுதினார்.

"சென்ற இதழில் ஒரு பிழை. அந்தத் தட்டு நாற்பத்தைந்து சுற்று. மூன்றாவது உருப்படி கல்யாண ஆட்டம். மற்றபடி எழுதியதில் மாற்றம் இல்லை."