எனக்கு மட்டும் கொஞ்சம் வழி

ஆவாரஞ்செடிகளுக்கு நடுவே ஒரு பாதை போனது. ஒரு முனையில் குளம், மறுமுனையில் பெரிய அத்திமரம். இரண்டு பக்கமும் வளைகளும் புதர்வீடுகளும் நெருக்கமாக இருந்ததால் காட்டில் எல்லாரும் அதை ஆவாரந்தெரு என்று சொன்னார்கள்.

அந்தத் தெருவில் செவந்தி என்ற கௌதாரி தன் குஞ்சுகளோடு குடியிருந்தாள். வீடு இந்தப் பக்கம். குஞ்சுகளுக்குத் தீனியான கறையான் புற்று அந்தப் பக்கம். காலையில் எழுந்தால் தெருவைத் தாண்டியே ஆகவேண்டும்.

தாண்டினால்தானே!

அத்திப்பழம் விழுவது காலையில்தான். முந்திப் போனவருக்கு நல்ல பழம், பிந்திப் போனவருக்கு எறும்பு மொய்த்த பழம். அதனால் விடிந்ததும் விடியாததுமாக அத்தனை பேரும் தலைதெறிக்க ஓடுவார்கள். முயல் ஓடும், காட்டுப்பன்றி ஓடும், கீரி ஓடும். புழுதி எழும்பி வீட்டுக்குள் வந்து விழும். செவந்தி குஞ்சுகளை இறக்கைக்குள் அடக்கிக்கொண்டு, "போயிட்டாங்களா? இன்னும் இருக்காங்களா?" என்று தலையை நீட்டி நீட்டிப் பார்ப்பாள். அவள் காலை எடுத்து வைக்கும் நேரத்துக்கென்றே எவனாவது ஒருவன் வந்து சேருவான்.

ஒருநாள் கடைக்குட்டி கடுகின் காலை யாரோ மிதித்துவிட்டுப் போனார்கள். நின்றுகூடப் பார்க்கவில்லை. குஞ்சு நொண்டிக்கொண்டே வந்து அம்மாவின் மேல் சாய்ந்தது. செவந்தி அதை மற்ற குஞ்சுகளோடு உள்ளே விட்டாள்.

நேரே பக்கத்து வளைக்குப் போனாள். அங்கே மாயாண்டி என்ற முயல் பழம் தின்றுகொண்டிருந்தான்.

"மாயாண்டி அண்ணே! இந்தத் தெருவில இனிமே யாரும் ஓடக்கூடாதுன்னு சொல்லணும். எம்பிள்ளை கால் போச்சு!"

"அட பாவமே!" என்றான் மாயாண்டி. "தங்கச்சி, நானும் இதைத்தான் சொல்லிக்கிட்டே இருக்கேன். எல்லாம் அந்த மலைக்காட்டுப் பயலுக பண்ற வேலை. நம்ம தெரு ஆளு எவனாவது ஓடுவானா?"

"நீங்க இன்னிக்குக் காலையில ஓடுனீங்களே! நான் பாத்தேனே!"

"நானா? அது ஓட்டமில்லம்மா. அவசரம்."

அடுத்து காட்டுப்பன்றி கொம்பையாவிடம் போனாள். அவரும் மலைக்காட்டுக்காரர்களைத் திட்டினார். கீரி சடையனிடம் போனாள். கௌதாரி முட்டையைத் தொடுவதை விட்டுப் பல காலம் ஆயிற்று என்று தானாகவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் அவன். அவனும் மலைக்காட்டுக்காரர்களைத் திட்டினான். திட்டிய கையோடு குளத்துக்கு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தான். செவந்தி முகத்தில் புழுதி அப்பியது.

மலைக்காட்டிலிருந்து ஒரு ஈ காக்கைகூட வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

செவந்தி நாட்டாமை மயிலிடம் முறையிட்டாள். மயில் மரக்கிளையில் படுப்பவர். தெருவில் எவன் எப்படி ஓடினாலும் அவர் தோகைக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் கூட்டம் கூட்டினார். கூட்டம் கூட்டுவதென்றால் அவருக்கு உயிர்.

"அன்பார்ந்த பெருமக்களே! மெதுவாகப் போவோம், பிள்ளைகளைக் காப்போம்!" என்று தோகையை விரித்தார்.

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். கூட்டம் முடிந்ததும் அத்திமரத்தை நோக்கி எல்லாரும் சேர்ந்து ஓடினார்கள். செவந்தி புதரோரம் ஒண்டிக்கொண்டாள்.

மறுபடியும் போனாள். "நாட்டாமை ஐயா! வாயால சொன்னா எவனும் கேக்கமாட்டான். தெருவுக்குக் குறுக்க மண்ணைக் குவிச்சு ஒரு வேகத்தடை போடுங்க. ஏறி இறங்கினாத்தான் வேகம் அடங்கும்."

"பலே! நல்ல யோசனை!" என்றார் மயில்.

"நல்ல யோசனை!" என்றார்கள் எல்லாரும். "ஆனா எங்க வீட்டு வாசல்ல வேண்டாம்!"

"ஏன்?"

"ஏறி இறங்குற சத்தம் கேக்கும்ல?" என்றார் கொம்பையா. அவர் குறட்டையில் பக்கத்துப் புதரின் இலை உதிரும். அவருக்குச் சத்தம் ஆகாதாம்!

அவரவர் வாசலைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் வேகத்தடை செவந்தி வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. "எங்க வேணாலும் போடுங்க, போட்டா சரி!" என்றாள் அவள். கொம்பையா மூக்கால் மண்ணைக் கெல்லிக் குவித்தார். மற்றவர்கள் மிதித்து இறுக்கினார்கள். தெருவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் அருமையான ஒரு மேடு உருவானது.

மறுநாள் காலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஓடி வந்த முயல் மேட்டருகே நின்று, ஏறி, இறங்கிப் போனான். பன்றி மூச்சு வாங்க ஏறி இறங்கினார். கீரி மெல்ல ஊர்ந்தான். செவந்தி குஞ்சுகளை வரிசையாக அழைத்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள். கடுகு நொண்டிக்கொண்டே கடைசியில் போனது. யாரும் மிதிக்கவில்லை. அன்று அவள் புற்றருகே வெகுநேரம் இருந்தாள்.

அந்த நிம்மதி எத்தனை நாளைக்கு? கீரி சடையன் மயிலிடம் போய் நிற்கிற வரைக்கும்தான்.

"ஐயா, எனக்குக் கால் குட்டை. மேட்டுல ஏறினா வயிறு உரசுது. ஓரத்துல துளியூண்டு வழி விட்டீங்கன்னா நான் மட்டும் அப்படியே போயிக்குவேன். வேற யாருக்கும் சொல்லமாட்டேன்."

மயில் இளகிய மனசுக்காரர். தன் காசா, தன் மண்ணா? "சரி, துளியூண்டு எடுத்துக்கோ" என்றார்.

அடுத்த நாள் முயல் மாயாண்டி வந்தான்.

"ஐயா, மேட்டைத் தாண்டித் தாண்டி இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

செவந்தி பக்கத்தில்தான் இருந்தாள். அவளால் பொறுக்க முடியவில்லை. "அண்ணே! நீங்க முயல்! தாண்டுறதுதானே உங்க பொழைப்பே!"

"அது சின்ன வயசுல தங்கச்சி. எனக்கு மட்டும் கொஞ்சம் வழி விட்டாப் போதும். கீரிக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

வழி கொஞ்சம் அகலமானது. அப்புறம் கொம்பையா வந்தார். "மண்ணைக் கெல்லிப் போட்டவனே நான். நான் ஏறி இறங்கணுமாக்கும்!" என்றார். அதற்கு மேல் என்ன பேச? பன்றி நுழையும் அளவுக்கு வழி அகலமானது. பன்றி நுழையும் வழியில் எவன்தான் நுழையமாட்டான்?

சரி, அந்த வழியாவது எங்கே இருந்தது? அந்த ஓரத்தில் முள். அதனால் இந்த ஓரத்தில், செவந்தியின் வாசற்படியை ஒட்டி!

நடுத்தெருவில் மேடு ஜோராக, ஒரு கால்தடம்கூடப் படாமல் உட்கார்ந்திருந்தது. முன்பெல்லாம் அகலமான தெருவில் பரவலாக ஓடியவர்கள் இப்போது எல்லாரும் ஒடுங்கிய ஒரே வழியில், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு, செவந்தியின் வாசலை உரசிக்கொண்டு பாய்ந்தார்கள். குஞ்சு தலையை நீட்டினால் தலை போகும். வேகத்தடை கேட்டவள் வீட்டைவிட்டு வெளியே வர முடியவில்லை!

செவந்தி தலையில் அடித்துக்கொண்டாள். மயிலிடம் ஓடினாள்.

"ஐயா! முன்னாடி இருந்ததைவிட மோசமாப் போச்சு!"

"என்னம்மா நீ! வேகத்தடை கேட்ட, போட்டுக் குடுத்தாச்சு. இன்னும் என்ன?"

"அதுல யாரும் ஏறலையே!"

"ஏறாதது அவங்கவங்க சௌகரியம். தடை இருக்கா இல்லையா? இருக்குல்ல!" என்று சொல்லிவிட்டு மயில் இறகு கோத ஆரம்பித்தார்.

செவந்தி வீட்டுக்கு வந்து, காய்ந்த முள்ளைக் கவ்விக் கொண்டுவந்து வழியில் போட்டாள். கீரி இழுத்து எறிந்தான். மறுபடியும் போட்டாள். பன்றி முட்டித் தள்ளினார். "பொது வழியை அடைக்கிறியா? உனக்கு இவ்வளவு திமிரா?" என்று அத்தனை பேரும் அவளைப் பிடித்து ஏசினார்கள். எதிர்த்துப் பேசிப் பேசி அவள் தொண்டை கட்டிவிட்டது. குஞ்சுகள் பசியில் கத்தின. வேறு தெருவுக்குக் குடி போய்விடலாமா என்றுகூட யோசித்தாள். நொண்டுகிற குஞ்சை வைத்துக்கொண்டு எங்கே போவாள்?

இப்படி இருக்கும்போது ஒருநாள் காலை மாயாண்டி தன் குட்டியை அழைத்துக்கொண்டு வந்தான். குட்டியின் பெயர் குண்டுமணி. அப்பா என்றால் அதற்கு உயிர்.

"தங்கச்சி, இவ அம்மா குளத்துக்குப் போயிருக்கா. பழம் விழுற நேரம். கொஞ்சம் பாத்துக்கம்மா, ஒரே ஓட்டமாப் போயிட்டு வந்துடறேன்."

"இங்கயா விடப்போறீங்க? இந்த வாசல்லயா?" என்றாள் செவந்தி, கட்டிய தொண்டையோடு.

"இதைவிடப் பத்திரமான இடம் ஏது? உன் வாசல்லதானே வேகத்தடை இருக்கு! மத்த பயலுக எல்லாம் இங்க மெதுவாத்தானே வந்தாகணும்!" என்று சிரித்தான் மாயாண்டி. சிரித்துக்கொண்டே அந்த ஓரவழியில் புகுந்து, பிய்த்துக்கொண்டு ஓடினான்.

செவந்திக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

குண்டுமணி குஞ்சுகளோடு விளையாடியது. கடுகுக்குத் தன் காதை ஆட்டிக் காட்டியது. செவந்தி வாசலிலேயே இறக்கையை விரித்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யார் வந்தாலும் குஞ்சுகளை உள்ளே தள்ளினாள்.

கொஞ்ச நேரத்தில் தூரத்தில் தடதடவென்று காலடிச் சத்தம். குட்டியின் காது நிமிர்ந்தது. எத்தனை பேர் ஓடினாலும் அப்பாவின் காலடி பிள்ளைக்குத் தெரியாதா?

"அப்பா!" என்று கத்திக்கொண்டே குண்டுமணி செவந்தியின் இறக்கைக்கு அடியில் நுழைந்து வெளியே பாய்ந்தது.

"ஐயோ! போகாதே! மாயாண்டி அண்ணே, நில்லுங்க! நில்லுங்க!"

கட்டிய தொண்டையிலிருந்து சத்தம் எழும்பவில்லை. மாயாண்டி வாயில் அத்திப்பழத்தைக் கவ்விக்கொண்டு, பின்னால் வரும் பன்றி முந்திவிடக்கூடாது என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். ஓரவழிக்குள் புகுந்தான். குட்டியும் அதே வழிக்குள் புகுந்தது. செவந்தி பறந்து குறுக்கே விழுந்தாள். எட்டவில்லை.

மோதிய வேகத்தில் மாயாண்டி உருண்டு போய் விழுந்தான். குண்டுமணி மேட்டின் அடியில் சுருண்டு கிடந்தது. பின்னங்கால் ஒன்று வளைந்திருந்தது.

"அப்பா..." என்று முனகியது.

மாயாண்டி பதறி எழுந்து ஓடி வந்தான். பிள்ளையைப் பார்த்தான். அவனுக்குக் கண்மண் தெரியவில்லை. தெருவே அதிரக் கத்தினான்.

"எவன்டா இந்த எடத்துல வழி விட்டது? பிள்ளைங்க இருக்குற வீட்டு வாசல்ல எந்த அறிவுகெட்டவன்டா வழி கேட்டது?"

மூச்சு வாங்க வந்து நின்ற கொம்பையா மண்ணைப் பார்த்தார். சடையன் வாலைப் பார்த்தான். கிளையில் மயில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

செவந்திக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. எத்தனை நாளாக அடக்கி வைத்தவை! வாயைத் திறந்தாள். குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு போய் அதன் மேல் இறக்கையைப் போர்த்தினாள்.

கத்தி ஓய்ந்த மாயாண்டி மேட்டைப் பார்த்தான். ஓரவழியைப் பார்த்தான். அந்த மண்ணில் பதிந்திருந்ததெல்லாம் யார் கால்தடம் என்று அவனுக்குத் தெரிந்தது. பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான் கேட்டேன் தங்கச்சி" என்றான். "நான்தான்."

"அழுதது போதும்ண்ணே. மண்ணைத் தள்ளுங்க" என்றாள் செவந்தி.

மாயாண்டி முன்னங்கால்களால் மண்ணைப் பறித்து வழியில் தள்ளினான். கொம்பையாவும் மூக்கைக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து தள்ளத் தள்ள வழி தூர்ந்துகொண்டே வந்தது. முக்கால்வாசி மூடியபோது சடையன் மெல்ல நெருங்கி வந்தான்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க... எனக்குக் கால் குட்டைங்கிறதால, ஓரத்துல துளியூண்டு..."

செவந்தி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கீரி வாயை மூடிக்கொண்டு மண் தள்ளப் போனான்.

குண்டுமணி உயிர் பிழைத்தது. கால் மட்டும் நேராகவில்லை. மாயாண்டி இப்போது குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு, எறும்பு மொய்த்த பழமானாலும் பரவாயில்லை என்று, மேட்டில் மெல்ல ஏறி மெல்ல இறங்கிப் போகிறான். பார்க்கிற செவந்திக்குக் கோபமும் வருகிறது, கண்ணீரும் வருகிறது.

ஊருக்கெல்லாம் கட்டுப்பாடு வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தனக்கு மட்டும் வழி கேட்பவர், அந்த வழியில் தன் பிள்ளையும் வந்து நிற்கும் என்பதை மறக்கக்கூடாது.